நோய் வருமுன் தேடிய டாக்டர்



நமது ஆண்டு மலருக்குப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி யூனியன் செயலாளர் கேட்டார். உடனே ஆளுக்கு ஒரு பெயரைக் கொடுத்துவிட்டார்கள். காமராசரை ஒருவர் எடுத்துக்கொண்டார், அப்துல் கலாமை ஒருவர், விசுவேசுவரய்யாவை மெக்கானிக்கல்காரர்கள். நான் டாக்டர் எம்.விசுவநாதன் என்று எழுதிக் கொடுத்தேன். யாரு அவரு, எந்த சப்ஜெக்ட்ல வர்றாருன்னு சிரிச்சாங்க.

நம் சிலபஸில் அவர் எங்கும் வரமாட்டார். அரியர் பேப்பரிலும் வரமாட்டார். ஆனால் என் வீட்டுக்குள் அவர் வந்துவிட்டார். உங்களில் பலர் வீட்டுக்குள்ளும் வரவேண்டியவர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

 தகரப் பெட்டியில் இருந்த சீட்டு 

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் எங்க ஊர். எங்க வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அப்பா கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைப்பவர். கரும்பு வெட்டு சீசனில் மலையை விட்டு இறங்கி, கச்சிராயபாளையம் பக்கமும் மூங்கில்துறைப்பட்டு பக்கமும் கரும்பு வெட்டப் போவார்.

போன வருஷம் அப்பாவின் வலது காலில் சோகை கிழித்து ஒரு புண் வந்தது. வலிக்கலைன்னு சொல்லிட்டு வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தார். வலிக்காததுதான் ஆபத்து என்று எங்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. சர்க்கரை நோய் என்றார்கள். கூடப் போன அம்மாவுக்கும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அம்மாவுக்கும் இருந்தது!

கரும்பு வெட்டியே சக்கரை ஒட்டிக்கிச்சுன்னு ஊரில் பேசிக்கொண்டார்கள். கரும்பு வெட்டுவதால் சர்க்கரை நோய் வராது. அது உடம்புக்குள் நடக்கிற விஷயம்.

வீட்டுக்கு வந்ததும் ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் வைத்திருக்கும் தகரப் பெட்டியைக் கிளறினேன். அடியில் நாலாக மடித்த ஒரு சீட்டு இருந்தது. நான் மூன்றாவது படிக்கும்போது, கீழே ஒரு இடத்தில் அப்பாவுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு. வெறும் வயிற்றில் 108. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 172. அவ்வளவுதான் எழுதியிருந்தது. அப்போது யாரும் எதுவும் விளக்கிச் சொல்லவில்லை என்கிறார் அப்பா. படித்துப் பார்க்க எங்க வீட்டில் ஆளும் இல்லை. எனக்கு அப்போது எட்டு வயது. ஒன்பது வருஷமாக அந்த 172 பெட்டிக்குள்ளேயே படுத்திருந்தது.

இந்த நம்பருக்கு என்ன அர்த்தம்? அதைத் தேடிப் போனபோதுதான் டாக்டர் விசுவநாதனைச் சந்தித்தேன். நேரில் அல்ல. அவர் 1996-லேயே காலமாகிவிட்டார், நான் பிறப்பதற்குப் பத்து வருஷத்துக்கும் முன்னால். நம் காலேஜில் நடந்த மருத்துவ முகாமில் வந்த டாக்டர், அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் சுகர் உள்ளவங்க கையைத் தூக்குங்கன்னு கேட்டார். ஆறு கை உயர்ந்தது. அதில் ஒன்று என்னுடையது. அப்படிப்பட்ட பிள்ளைகளையே தேடித் தேடிச் சோதித்த ஒருவர் நம் தமிழ்நாட்டில் இருந்தார் என்று சொல்லி, இந்தப் பெயரைச் சொன்னார்.

 அவருக்கு முன்னால் 

சர்க்கரை நோய் புதுசு இல்லை. நம் நாட்டுப் பழைய வைத்திய நூலான சுசுருத சம்கிதையிலேயே தேன் போல இனிக்கும் சிறுநீர் பற்றி வருகிறது. மதுமேகம் என்று பெயரும் இருந்தது. பெயர் இருந்ததே தவிர மருந்து இல்லை. சிறு வயதில் இந்த நோய் கடுமையாக வந்தால் சாவுதான்.

1921-ல் கனடாவின் டொரண்டோ நகரில் பாண்டிங் என்ற இளம் டாக்டரும் பெஸ்ட் என்ற மாணவரும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தார்கள். பாண்டிங் ஒரு விவசாயியின் மகன். கல்லூரியில் முதல் வருஷத்தில் தேறாதவர். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்கவும்! 1922 ஜனவரியில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு அந்த ஊசி போடப்பட்டு அவன் பிழைத்தான். 1923-ல் பாண்டிங்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த நவம்பர் 14-ஐத்தான் உலக நீரிழிவு தினமாகக் கொண்டாடுகிறார்கள். நமக்கு அது குழந்தைகள் தினம்.

இன்சுலின் வந்ததால் சாக இருந்தவர்கள் பிழைத்தார்கள். ஆனால் நோய் முற்றிய பிறகுதான் வைத்தியம் என்ற நிலை மட்டும் மாறவில்லை. விசுவநாதனின் கதை இங்கிருந்து ஆரம்பிக்கிறது.

 ஸ்டான்லியில் ஒரு தனிப் பிரிவு 

சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948. வடசென்னையில் இருக்கிறது ஸ்டான்லி அரசு மருத்துவமனை. துறைமுகத் தொழிலாளிகள், மீனவர்கள், கூலி வேலை செய்பவர்கள் எல்லாம் நம்பி வரும் ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் விசுவநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனியாக ஒரு கிளினிக்கைத் தொடங்கினார். இந்தியாவிலேயே இந்த நோய்க்கென்று ஏற்பட்ட முதல் கிளினிக் என்று அதைச் சொல்கிறார்கள்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். காலரா இருந்தது, பெரியம்மை இருந்தது, காசநோய் இருந்தது. ஜனங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தது அவற்றால்தான். சர்க்கரை என்றால் பணக்கார வியாதி, உட்கார்ந்து நெய்ச்சோறு தின்பவருக்கு வருவது என்பது பொதுவான எண்ணம். அப்படிப்பட்ட நேரத்தில், ஏழைகள் வரும் ஆஸ்பத்திரியில் இதற்கென்று ஒரு கிளினிக் வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அப்போது இருந்த வசதியும் குறைவு. பரவலாக இருந்தது பெனடிக்ட் கரைசல் சோதனை. ப்ளஸ் டூ படித்துவிட்டு வந்த நண்பர்கள் கெமிஸ்ட்ரி லேபில் இதைப் பார்த்திருப்பார்கள். சோதனைக் குழாயில் நீல நிறக் கரைசல் 5 மில்லி, அதில் 8 சொட்டு சிறுநீர், பிறகு சூடு செய்ய வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போய்ச் செங்கல் சிவப்பு வந்தால் நிறைய இருக்கிறது.

இந்தச் சோதனையில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும். அதற்குக் கீழே இருந்தால் கரைசல் நீலமாகவே நிற்கும். எங்க அப்பாவின் 172-ஐ இந்தச் சோதனையில் பார்த்திருந்தால் பெரும்பாலும் ஒண்ணும் இல்லைன்னுதான் வந்திருக்கும். சிறுநீரில் தெரிவது கடைசிக் கட்டம். ஆரம்பக் கட்டம் ரத்தத்தில்தான் தெரியும்.

 ராயபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரி 

1954-ல் அவர் ராயபுரத்தில் சொந்தமாக ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அவருடைய எழுத்துகளிலேயே அதற்கு எம்.வி. மருத்துவமனை என்று பெயர். முதலில் எல்லா நோய்க்கும் பார்க்கும் ஆஸ்பத்திரியாகத்தான் இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் அதைச் சர்க்கரை நோய்க்கு மட்டும் என்று மாற்றினார். ஓடிக்கொண்டிருக்கிற ஆஸ்பத்திரியில் மற்ற நோயாளிகளை விட்டுவிட்டு ஒரே நோயைப் பிடித்துக்கொள்வது சாதாரண முடிவா? நம் ஊரில் எல்லா வேலையும் பார்க்கிற எலக்ட்ரீசியன், இனி மோட்டார் ரீவைண்டிங் மட்டும்தான் என்று போர்டு மாட்டுகிற மாதிரி. தொழில் தெரிந்தவனுக்குத்தான் அந்தத் தைரியம் வரும்.

1972-ல் அதோடு சேர்த்து நீரிழிவு ஆராய்ச்சி மையம் ஒன்றையும் ஏற்படுத்தினார். வெளிநாட்டுப் புத்தகத்தில் வெள்ளைக்காரர்களைப் பார்த்து எழுதியதை மட்டும் நம்பாமல், நம்ம ஜனங்களுக்கு இந்த நோய் எப்படி வருகிறது, எந்த வயதில் வருகிறது, யார் வீட்டில் வருகிறது என்று நோயாளிகளிடமிருந்தே குறிப்பெடுத்து ஆராய்ந்தார்கள். அவர் மகன் டாக்டர் மோகன், மருத்துவ மாணவராக இருக்கும்போதே அப்பாவோடு சேர்ந்து இந்த வேலையில் இறங்கிவிட்டார். பின்னாளில் அவரும் இதே துறையில் பெயர் பெற்று 2012-ல் பத்மஸ்ரீ வாங்கினார். நம் வயதில் அவர் அப்பாவோடு ஆராய்ச்சியில் உட்கார்ந்திருக்கிறார். நாம் கேன்டீனில் உட்கார்ந்திருக்கிறோம்!

சாப்பாட்டு விஷயத்திலும் விசுவநாதன் நம்ம ஊர் ஆளாகத்தான் யோசித்தார். சர்க்கரை நோயாளி மாவுப் பொருளை வெகுவாகக் குறைத்து, கொழுப்பை அதிகம் சாப்பிட வேண்டும் என்பது வெளிநாட்டில் நெடுநாள் இருந்த முறை. சோறும் களியும் தின்று பழகிய ஜனம் அதை எத்தனை நாள் கடைப்பிடிக்கும்? நார்ச்சத்து நிறைய இருக்குமானால் மாவுச்சத்து உள்ள உணவே நோயாளிக்கு ஒத்துக்கொள்ளும் என்று அவருடைய மையம் ஆராய்ந்து 1980-களின் தொடக்கத்தில் வெளியிட்டது. பயறு, கீரை, காய், தவிடு முழுதும் போகாத தானியம்... எங்க ஆயா சாமையையும் கேழ்வரகையும் கொள்ளையும் வைத்துச் சமைத்ததை நினைத்துக்கொண்டேன். இப்போது மலையிலும் மூன்று வேளை ரேஷன் அரிசிச் சோறுதான். சாமை தின்றால் நோய் போய்விடும் என்று நான் சொல்லவரவில்லை. தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன்.

 நோயில்லாத பிள்ளைகள் 

இப்போது சொல்லப்போவதுதான் அவர் வாழ்க்கையில் என்னை உலுக்கிய பகுதி.

நோயாளி தன் கால்களால் நடந்து டாக்டரிடம் வருவான். வந்தவனைப் பார்ப்பது எல்லா டாக்டரும் செய்வது. விசுவநாதன் அதோடு நிற்கவில்லை. கணவன் மனைவி இருவருமே சர்க்கரை நோயாளிகளாக இருந்தால், அவர்களுடைய பிள்ளைகளையும் அழைத்துச் சோதித்தார். எந்தத் தொந்தரவும் சொல்லாத பிள்ளைகள். தாகம் இல்லை, களைப்பு இல்லை, புண் இல்லை. நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு டெஸ்ட்டுன்னு கேட்கிற பிள்ளைகள். அவர்களுக்கு குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனை செய்தார்கள். அதன் முடிவை விசுவநாதனும் மோகன், சினேகலதா, ராமச்சந்திரன் ஆகியோரும் 1985-ல் டயாபட்டாலஜியா என்ற ஐரோப்பிய மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். சோதித்த பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோயோ, அதற்கு முந்தைய கட்டமோ இருந்தது!

அது என்ன தாங்குதிறன் சோதனை? நம் துறைக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம்.

மெஷின்ஸ் லேபில் டிசி ஷன்ட் ஜெனரேட்டருக்கு லோடு டெஸ்ட் செய்கிறோம் இல்லையா? நோ லோடில் வோல்ட் மீட்டர் 220 காட்டும். பார்த்தால் மெஷின் அருமையாக இருக்கிற மாதிரி தோன்றும். லேம்ப் லோடு சுவிட்சை ஒவ்வொன்றாகப் போடப் போடத்தான் வண்டவாளம் தெரியும். நல்ல மெஷின் கொஞ்சம்தான் இறங்கும். கோளாறு உள்ளது தடாலென்று இறங்கும். நோ லோடு ரீடிங்கை மட்டும் எடுத்துக்கொண்டு ரிக்கார்டு எழுதினால் சார் கையெழுத்துப் போடுவாரா?

வெறும் வயிற்றில் எடுக்கும் ரத்தம் அந்த நோ லோடு ரீடிங் மாதிரி. தாங்குதிறன் சோதனைதான் உடம்புக்கு வைக்கிற லோடு டெஸ்ட். முந்தின மூன்று நாள் வழக்கமான சாப்பாடு சாப்பிட வேண்டும். ராத்திரி எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் பட்டினி, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். காலையில் முதல் ரத்தம் எடுப்பார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். ஐந்து நிமிஷத்துக்குள் குடித்துவிட வேண்டும். அப்புறம் நடக்காமல், எதுவும் சாப்பிடாமல் உட்கார வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள்.

கணையம் நன்றாக வேலை செய்து, உடம்பும் இன்சுலினுக்குக் கட்டுப்பட்டால், இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை 140-க்குக் கீழே வந்துவிடும். 200-ம் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை நோய். 140-லிருந்து 199 வரை என்றால் நடுக்கட்டம். நோய் இல்லை, ஆனால் உடம்பு லோடைத் தாங்கத் திணறுகிறது என்று அர்த்தம். 1980-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 75 கிராம் அளவையும் இந்த நடுக்கட்டத்தையும் உலகத்துக்கே பொதுவாக வகுத்தது. அதற்கு முன்பு ஒரு இடத்தில் 50 கிராம், ஒரு இடத்தில் 100 கிராம் என்று ஆளாளுக்கு ஒரு அளவு.

இப்போது அந்தச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 172! எங்க அப்பா அன்று நோயாளி அல்ல. நடுக்கட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். அதுதான் திரும்பிப் போகக்கூடிய இடம். அதைப் படிக்கத் தெரிந்த ஒருத்தர் பக்கத்தில் இருந்திருந்தால் நோயைத் தடுத்திருக்கலாம், குறைந்தது சில வருஷமாவது தள்ளிப் போட்டிருக்கலாம். அந்த இரண்டு விரலும் இருந்திருக்கலாம். இதை நினைத்து ஹாஸ்டலில் ஒரு ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை.

 என் ரீடிங் 

முகாமில் கை தூக்கிய ஆறு பேரில் நான்கு பேர் டெஸ்ட்டுக்குப் போனோம். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. கழுத்தின் பின்பக்கம் மட்டும் கொஞ்சம் கருப்பாக, தடிப்பாக இருக்கும். அழுக்குன்னு நினைச்சு அம்மா சின்ன வயசிலிருந்து பீர்க்கன் நாரால் தேய்த்துவிடுவார். தேய்த்தால் போகாது. அது அழுக்கு அல்ல. உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படவில்லை என்பதைத் தோல் காட்டுகிற அடையாளமாக அது இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

குளுக்கோஸ் தண்ணியைக் குடிப்பது திருவிழாவில் பானகம் குடிக்கிற மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். பாதி டம்ளரிலேயே குமட்டியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு முடித்தேன். பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அளவீட்டுக் கருவிகள் பாடத்தைப் படித்தேன். ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை.

வெறும் வயிற்றில் 94. இரண்டு மணி நேரம் கழித்து 151.

ஒரே ரீடிங்கை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று சில வாரம் கழித்துத் திரும்ப எடுத்தார்கள். 148. நோ லோடில் எல்லாம் சரியாக இருந்தது. லோடில்தான் தெரிந்தது. பதினெட்டு வயதில் நானும் அப்பா நின்ற அதே நடுக்கட்டத்தில் நிற்கிறேன். அப்பாவின் சீட்டைப் படிக்க ஆள் இல்லை. என் சீட்டைப் படிக்க நான் இருக்கிறேன். எங்க வீட்டில் ஒருத்தி படித்ததற்கு இதுவரை கிடைத்த பலன் இதுதான் என்று சொன்னால் மிகையில்லை.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை, கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டு இருந்தார். அம்மாதான் பதறிவிட்டார். வெளியில சொல்லாத, கல்யாணம் ஆகாத பொண்ணு, சுகர்னு தெரிஞ்சா எவன் வருவான்னு அழுதார். இந்த மலரில் எழுதப்போகிறேன் என்றதும் என் தலையில் கை வைத்து வேண்டாம் என்று சத்தியம் கேட்டார்.

நான் ரொம்ப யோசித்தேன். அம்மாவுக்காக என் பெயரைப் போடவில்லை. ஆனாலும் எங்கள் வகுப்பில் மலையிலிருந்து வரும் பெண் நான் ஒருத்திதான். எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும். ஒன்பது வருஷம் பெட்டிக்குள் மடித்து வைத்ததால் நாங்கள் இழந்தது போதும்.

 அவருக்குப் பின்னால் 

1996-ல் டாக்டர் விசுவநாதன் மறைந்தார். மறு வருஷம், 1997-ல் அவர் பெயரை முதலாவதாகத் தாங்கி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. குடும்பத்தில் இந்த நோய் பலமாக இருந்தாலும், பார்வைக்குக் குண்டாக இல்லாதவராக இருந்தாலும், எடையைக் கொஞ்சம் குறைத்தால் நோய் வருவது தள்ளிப்போகும் என்பது அதன் சாரம். ஆள் போன பிறகும் அவருடைய உழைப்பு நமக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தது.

அவரோடு வேலை செய்த டாக்டர் ராமச்சந்திரனின் குழு பின்னர் இதையே பெரிய அளவில் செய்து பார்த்தது. நடுக்கட்டத்தில் இருந்த 531 பேரை மூன்று வருஷம் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரண அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. சாப்பாட்டைத் திருத்தித் தினமும் நடந்தவர்களில் அது 100-க்கு 39 பேர். மருந்து மாத்திரை இல்லாமலே 16 பேர் தப்பித்திருக்கிறார்கள்! முழுவதும் தப்ப முடியும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த 16 பேரில் ஒருத்தியாக இருக்க வேண்டும் என்று நான் நடக்கிறேன்.

2005-ல் டாக்டர் மோகனின் குழு ஒரு சுலபமான மதிப்பெண் முறையையும் கொடுத்தது. வயது, இடுப்புச் சுற்றளவு, உடல் உழைப்பு, பெற்றோரின் நோய் ஆகிய நான்கையும் வைத்து 100-க்கு மார்க் போடுவார்கள். பெற்றோர் இருவருக்கும் இருந்தால் 20 மார்க். உழைப்பும் உடற்பயிற்சியும் இல்லாமல் உட்கார்ந்தே இருந்தால் 30. மொத்தம் 60-ஐ எட்டினால் அபாயம் அதிகம். நாம் குறைவாக வாங்க வேண்டிய ஒரே பரீட்சை இதுதான்! பெற்றோரால் வரும் மார்க்கை மாற்ற முடியாது. உழைப்புக்கும் இடுப்புக்கும் உள்ள மார்க் நம் கையில் இருக்கிறது.

2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி. நடுக்கட்டத்தில் இருப்பவர்கள் அதைவிட அதிகம், 13 கோடிக்கு மேல். அதாவது, பெட்டிக்குள் சீட்டு உள்ள வீடுகளும், சீட்டே எடுக்காத வீடுகளும் அத்தனை இருக்கின்றன. பணக்கார வியாதி என்ற பேச்சு என்றைக்கோ பொய்யாகிவிட்டது. எங்க அப்பா என்ன, நெய்ச்சோறு தின்றா வளர்ந்தார்?

 நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள் 

நான் இப்போது ஹாஸ்டலிலிருந்து காலேஜுக்கு பஸ்ஸில் வருவதில்லை, நடந்துதான் வருகிறேன். மெஸ்ஸில் சோற்றைக் குறைத்து, சாம்பாரில் இருக்கிற காயையும் சுண்டலையும் கூடக் கேட்டு வாங்குகிறேன். மாஸ்டர் முதலில் முறைத்தார், இப்போது அவரே எடுத்து வைக்கிறார். வருஷத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார். தினமும் ராத்திரி அம்மா விளக்கைப் பிடித்துக்கொள்ள, அப்பாவின் பாதத்தைத் தம்பி பார்க்கிறான். வெடிப்பு இருக்கிறதா, முள் குத்தியிருக்கிறதா என்று. பார்த்ததைப் போனில் எனக்குச் சொல்ல வேண்டும் என்பது அவனுக்கு நான் போட்ட உத்தரவு.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. இந்தப் பொங்கல் லீவில் வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வீட்டிலும் நீங்கள்தான் முதலில் படிக்க வந்தவராக இருப்பீர்கள், நம் காலேஜில் பாதிப் பேர் அப்படித்தானே! வெறும் வயிற்றில் 100-லிருந்து 125 வரை இருந்தாலோ, குளுக்கோஸ் குடித்த பின் 140-லிருந்து 199 வரை இருந்தாலோ, அவர்களை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பெற்றோரில் யாருக்காவது நோய் இருந்தால், அல்லது கழுத்து கருத்திருந்தால், உங்களுக்கும் ஒரு லோடு டெஸ்ட் செய்யச் சொல்லிக் கேளுங்கள். தாகமும் களைப்பும் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

டாக்டர் விசுவநாதனை நான் பார்த்ததில்லை. ராயபுரத்துக்குப் போனதும் இல்லை. சென்னையையே இண்டஸ்ட்ரியல் விசிட்டில் ஒரு முறைதான் பார்த்தேன். ஆனாலும் நல்லாத்தானே இருக்கேன் என்று சொன்ன பிள்ளைகளை அன்று அவர் உட்கார வைத்து ரத்தம் எடுத்திராவிட்டால், நம் முகாமுக்கு வந்த டாக்டர் எங்களைக் கை தூக்கச் சொல்லியிருக்க மாட்டார்.

அப்பாவின் 172 சீட்டை இப்போது என் லேப் ரிக்கார்டு நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். எதிர்ப்பக்கத்தில் என் 151, அதன் கீழே 148. அதற்கும் கீழே அடுத்த வருஷத்துக்கு ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன்.



— மாணவி, மூன்றாம் ஆண்டு,
மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை